கைக்குள் ஓர் இருட்டறை

1943-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள சாண்டா பே நகரில், ஒரு தந்தை தம் மூன்று வயது மகளைப் படம் எடுத்தார். எடுத்த படத்தை இப்பொழுதே ஏன் பார்க்க முடியாது என்று குழந்தை கேட்டது. பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட நாளாகும் என்று சொல்லி மற்றவர்கள் நழுவியிருப்பார்கள். அந்தத் தந்தையோ எட்வின் லாண்ட். ஒளியியல் ஆராய்ச்சியாளர், போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். மகளின் கேள்வி அவரை விடவில்லை.

வீணாகும் வெள்ளி

சாதாரணக் கருப்பு-வெள்ளைப் பிலிமில் என்ன நடக்கிறது? பிலிமின்மேல் வெள்ளி ஹாலைடு என்னும் உப்பின் நுண்துகள்கள் பூசப்பட்டிருக்கும். வெளிச்சம் பட்ட துகள்களை டெவலப்பர் கரிய வெள்ளி உலோகமாக மாற்றும். வெளிச்சம் படாதவற்றை ‘ஹைப்போ’ என்னும் உப்புக் கரைசல் கரைத்து நீக்கிவிடும். எஞ்சுவது நெகடிவ். அதிலிருந்துதான் பிரிண்ட் எடுக்கிறோம்.

கரைந்து வீணாகும் வெள்ளியின்மேல் லாண்டின் கவனம் சென்றது. அது எந்த இடங்களிலிருந்து கரைகிறது? பிரிண்டில் எங்கெல்லாம் கருமை வேண்டுமோ, சரியாக அங்கிருந்துதான்! அந்த வெள்ளியையே கொண்டு பிரிண்ட் செய்தால் என்ன? நெகடிவையும் ஒரு தாளையும் முகத்தோடு முகம் ஒட்டி, டெவலப்பரும் ஹைப்போவும் சேர்ந்த கூழை நடுவே பரப்பினார். கரைந்த வெள்ளி எதிர்த் தாளுக்குச் சென்று படமாகப் படிந்தது.

1947 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில், அமெரிக்க ஒளியியல் கழகத்தின் கூட்டத்தில், படம் எடுத்த ஒரு நிமிடத்தில் தாளை உரித்துக் காட்டினார் லாண்ட். 1948-இல் காமிரா கடைக்கு வந்தது. 1963-இல் வண்ணப் பிலிமும் வந்தது.

சாயத் திரை

1972-இல் வந்த எஸ்.எக்ஸ்-70 காமிராவில் உரிக்கும் வேலையும் இல்லை. படத்தின் ஓரத்திலுள்ள சிறு பையில் காரக் கூழ் இருக்கும். படம் வெளியே வரும்போது இரண்டு உருளைகள் பையை நசுக்கிக் கூழைப் பரப்பிவிடும். ஆனால், முழுவதும் டெவலப் ஆகுமுன் வெளிச்சம் பட்டால் படம் பாழாகுமே?

பள்ளி ஆய்வுக்கூடத்தில் பினாப்தலீனைப் பார்த்திருப்பீர்கள். காரத்தில் அது இளஞ்சிவப்பு; அமிலத்தில் நிறமற்றது. அக்குடும்பத்தைச் சேர்ந்த அடர்ந்த சாயங்கள் கூழில் கலந்திருக்கின்றன. காரம் உள்ளவரை அவை திரைபோல ஒளியைத் தடுக்கும். சில நிமிடங்களில், படத்திற்குள்ளேயே இருக்கும் அமில அடுக்கு காரத்தை நடுநிலையாக்கும். திரை நிறமிழக்கும், படம் மெல்லத் தெளியும். ஆக, ஒவ்வொரு படமும் தனக்கென ஓர் இருட்டறையைச் சுமந்து வருகிறது!

லாபமும் நட்டமும்

இதன் கவர்ச்சி எளிதில் விளங்கும். படம் எடுத்தவரும் எடுக்கப்பட்டவரும் அங்கேயே சேர்ந்து பார்க்கலாம். வெளிச்சம் போதாதென்றால் உடனே மறுபடி எடுக்கலாம். படத்தை நண்பருக்கு அப்போதே கொடுத்தும் விடலாம்.

கொடுத்துவிட்டால் நம்மிடம் எதுவும் இராது. குறை இங்கேதான் தொடங்குகிறது. சாதாரண நெகடிவிலிருந்து எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம். இங்கே நெகடிவ் படத்துக்குள்ளேயே அடைபட்டுவிட்டது. இருட்டறைக் கலைஞர் பிரிண்டைச் சற்று வெளுக்கவோ கறுக்கவோ செய்வாரே, அதற்கும் வழியில்லை. வேதிவினை தட்பவெப்பத்திற்குக் கட்டுப்பட்டது. இன்றைய போலராய்டு பிலிமுக்கு 13 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றது என்கிறார்கள். நம் ஊர்க் கோடை அதைத் தாண்டிவிடும். குளிரில் படம் வெளிறி நீலம் பாரிக்கும். வெப்பத்தில் மஞ்சள் அல்லது சிவப்பேறும். ஒரு பெட்டியில் 8 படங்களே இருப்பதால், ஒன்று கெட்டாலும் கையைக் கடிக்கும். படத்தை விசிறினால் சீக்கிரம் தெளியும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதனால் பயனில்லை, வினை முழுவதும் மூடிய உறைக்குள் நடக்கிறது.

மறந்துபோன பாடம்

டிஜிட்டல் காமிரா பரவியதும் விற்பனை சரிந்தது. பிலிம் உற்பத்தியை நிறுத்துவதாக 2008-இல் போலராய்டு அறிவித்தது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரத் தொழிற்சாலையின் இயந்திரங்களை, பழைய ஊழியர் சிலரும் ஆர்வலர்களும் சேர்ந்து காப்பாற்றினார்கள். இயந்திரம் இருந்தது; தேவையான இரசாயனங்கள் பலவற்றைச் செய்வார் இல்லை! எல்லாவற்றையும் புதிதாக வகுக்க வேண்டியதாயிற்று. 2010-இல் அவர்களுடைய பிலிம் வெளிவந்தபோது சாயத் திரை போதிய வலுவோடு இல்லை. படம் காமிராவை விட்டு வந்ததும் வெளிச்சம் படாமல் மறைத்து வைக்க வேண்டியிருந்தது. பின்னர்ச் சிறிது சிறிதாக அக்குறையைத் தீர்த்தார்கள்.

லாண்டின் குழுவினர் 1972-இல் தீர்த்து முடித்த கணக்கு அது. செய்யத் தெரிந்த கைகள் கலைந்துவிட்டதால், சில ஆண்டுகளுக்குள்ளேயே முதலிலிருந்து போட வேண்டியதாகிவிட்டது. ஒரு குழந்தையின் கேள்விக்குக் கிடைத்த விடையையும் விடாமல் செய்து வந்தால்தான் காப்பாற்ற முடியும் போலும்!