சுவரில் தொங்கும் சிவப்பு உருளை

மாணவர்களே, மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் நீங்கள் நடந்திருப்பீர்கள். மிளகு, சுக்கு, ஏலம், அரிசி என மூட்டைகள் அடுக்கிய பழைய கிடங்குகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பலவற்றின் பின்வாயில் காயலை நோக்கித் திறக்கும். இத்தகைய கிடங்கை மலையாளத்தார் ‘பாண்டிகசாலை’ என்பர். பண்டம் வைக்கும் இடமாகிய ‘பண்டகசாலை’ என்னும் நம் சொல்லின் உடன்பிறப்பே அது. தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பண்டகசாலைகளின் பெயர்ப்பலகைகளில் அச்சொல்லை இன்றும் காணலாம்.

அடுத்த முறை செல்லும்போது, கிடங்கின் உட்சுவரையும் சற்று நோக்குங்கள். அங்கே ஒரு சிவப்பு உருளை தொங்கும். அதுவே தீயணைப்பான். சில இடங்களில் மூட்டைகள் அதனை மறைத்திருக்கும். சில இடங்களில் அதன் கைப்பிடியில் யாரோ ஒருவருடைய குடை தொங்கும்! உங்கள் இல்லத்தாருள் சிலர் இத்தகைய கிடங்குகளிலும் கடைகளிலும் கணக்கெழுதுகின்றனர், மூட்டை ஏற்றுகின்றனர், இரவில் காவல் காக்கின்றனர். ஆதலின் அவ்வுருளை வேலை செய்யுமா, செய்யாதா என்பது நமக்குப் புறம்பான செய்தி அன்று.

கிடங்குத் தீயின் கொடுமையை இவ்வூர் முன்பே கண்டிருக்கிறது. 1889ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள், கோட்டைக் கொச்சியின் கரையோரம் நின்ற ‘சந்திரபானு’ என்னும் கப்பலில் தீப்பற்றியது. அத்தீ கரைக்குத் தாவி, வணிகர்களின் கிடங்குகளையும் மக்களின் வீடுகளையும் எரித்தது. அதன் நினைவாக எழுப்பிய தூண் ஒன்று கோட்டைக் கொச்சியில் உள்ளது.

கையால் தூக்கிச் செல்லும் தீயணைப்பான் அதற்கு முன்பே தோன்றிவிட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் வில்லியம் மான்பி என்பவர் 1818ஆம் ஆண்டளவில், செம்புக் கலத்தில் பொட்டாசியம் கார்பனேட் கரைசலை நிரப்பி, அழுத்திய காற்றினால் அது பீறிட்டு வெளிவருமாறு அமைத்தார். இன்றைய உருளையும் அடிப்படையில் அதுவே. உள்ளே தீயை அணைக்கும் பொருள் ஒன்று. அதனை வெளியே தள்ளும் அழுத்தம் ஒன்று.

நாம் மிகுதியாகக் காண்பவை இருவகை. முதலாவது தூள் உருளை. மோனோ அம்மோனியம் பாஸ்பேட் என்னும் மஞ்சள் தூளை நைட்ரஜன் வாயு வெளியே தள்ளும். மரம், சாக்கு, காகிதம் ஆகியவற்றின் தீக்கும் எண்ணெய்த் தீக்கும் இது உதவும். இரண்டாவது கார்பன் டை ஆக்சைடு உருளை. மின்பலகைக்கு அருகில் இதனை வைப்பர். ஏனெனில் இவ்வாயு மின்சாரத்தைக் கடத்தாது, தூளைப் போல் கருவிகளில் படிந்து அவற்றைக் கெடுப்பதும் இல்லை. ஆனால் வாயு வெளிவரும்போது அதன் கூம்புவாய் உறைபனியினும் குளிர்ந்துவிடும். பழகாதவர் அதனைப் பற்றினால் கை புண்ணாகும்.

வாங்கி மாட்டிய உருளை அப்படியே இருந்துவிடுவதில்லை. தூள் உருளையின் தலைப்பில் சிறிய அழுத்தமானி உண்டு. அதன் முள் பச்சைப் பகுதியில் நின்றால் போதும் என்று பலர் எண்ணுவர். முள் காட்டுவது அழுத்தத்தை மட்டுமே. தூளின் நிலையை அது காட்டாது. நாட்பட நாட்பட உள்ளிருக்கும் தூள் அடியில் இறுகும். ஈரம் புகுந்தாலோ கட்டியாகிவிடும். அழுத்தம் சரியாக இருந்தும் குழாய்வழியே தூள் வராது. உருளையைக் கவிழ்த்துப் பார்ப்பதும், குறித்த காலத்தில் திறந்து தூளை ஆராய்வதும் இதற்காகவே. மேலும், கொச்சியின் காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. தரையில் வைத்த உருளையின் அடிப்பகுதி துருவேறும். துருவால் மெலிந்த உருளை அழுத்தம் தாங்காது வெடிக்கவும் கூடும். ஆதலால் உருளையில் நீரை நிரப்பி, வழக்கத்தினும் மிக்க அழுத்தம் தந்து சோதிக்கின்றனர். கார்பன் டை ஆக்சைடு உருளைக்கு இச்சோதனையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்தல் வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு உருளையில் பொதுவாக அழுத்தமானி இராது. உள்ளே வாயு திரவ நிலையில் இருப்பதால், பெரும்பகுதி கசிந்த பின்னரும் அழுத்தம் அவ்வளவாகக் குறையாது. அழுத்தமானி வைத்தாலும் பயன் இல்லை. எடை போட்டுப் பார்ப்பதே வழி. உருளையின் மேல் அதன் வெற்று எடை பொறிக்கப்பட்டிருக்கும். அதனைக் கழித்தால் உள்ளிருக்கும் வாயுவின் எடை கிடைக்கும். நிரப்பிய வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மீண்டும் நிரப்புதல் வேண்டும். 4.5 கிலோகிராம் வாயு கொள்ளும் உருளையில் 450 கிராமுக்கு மேல் குறையலாகாது.

இத்தனையும் கடைக்காரர் ஒருவரே செய்ய இயலுமோ? இயலாது. ஆதலால் பயிற்சி பெற்ற நிறுவனம் ஒன்றுடன் அவர் ‘ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்’ செய்துகொள்வார். வழக்கில் இதனை ‘ஏ.எம்.சி.’ என்பர். இதில் இருவகை உண்டு. ஒன்றில் பார்வையிடுதல், உதிரி உறுப்புகள், மறுநிரப்பல் ஆகிய அனைத்தும் ஒரே கட்டணத்தில் அடங்கும். மற்றொன்றில் வந்து பார்ப்பதற்கு மட்டுமே கட்டணம். நிரப்பினாலும் உறுப்பு மாற்றினாலும் தனியே பணம் தரவேண்டும். இரண்டாவது மலிவாகத் தோன்றும். ஆனால் குறை காணும்போதெல்லாம் செலவு வருமாதலால், குறையைக் காணாமல் விடுவதே இரு தரப்பாருக்கும் எளிதாகிவிடுகிறது. என் கருத்தில் இம்மலிவு நல்ல மலிவு அன்று.

நல்ல ஒப்பந்தத்தில் ஒவ்வோர் உருளையின் எண்ணும், வகையும், நிற்கும் இடமும் பட்டியலாக இருக்கும். ஆண்டுக்கு எத்தனை முறை வருவர், ஒவ்வொரு முறையும் என்ன செய்வர் என்பவையும் எழுதப்பட்டிருக்கும். பலர் மறந்துவிடும் வரி ஒன்றும் உண்டு: நிரப்புவதற்காக உருளையை எடுத்துச் சென்றால், அது திரும்பும்வரை அவ்விடத்தில் மாற்று உருளை வைத்தல் வேண்டும். ஆணி மட்டும் நிற்கும் சுவரால் யாருக்குப் பயன்? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2190 என்னும் நெறிமுறை, தீயணைப்பான்களின் தேர்வையும் அமைப்பையும் பராமரிப்பையும் விளக்குகிறது. அதனைப் பின்பற்றுவோம் என்ற உறுதியும் ஒப்பந்தத்தில் இருத்தல் நன்று. ஒப்பந்தம் செய்தமையால் கட்டட உரிமையாளரின் பொறுப்பு நீங்கிவிடாது. வழியை மறைக்கும் மூட்டையை அகற்றுவதற்கு நிறுவனத்தார் வரும்வரை காத்திருத்தல் ஆகுமா?

நான் முன்பு பணியாற்றிய ஊரில், வணிக வளாகம் ஒன்றின் மேல்மாடியில் குடியிருந்தேன். அங்கும் ஒப்பந்தம் இருந்தது. ஒருநாள் இளைஞர் ஒருவர் பேனாவுடன் வந்து, உருளைகளில் தொங்கிய அட்டைகளில் தேதியிட்டுக் கையொப்பம் இட்டுச் சென்றார். அவரிடம் எடைக்கருவி இல்லை. “எடை பார்க்கவில்லையா, தம்பி?” என்று கேட்டேன். “எல்லாம் சரியாக இருக்கிறது, அம்மா” என்றார். நானும் பள்ளிக்கு நேரமாயிற்று என்று படியிறங்கிவிட்டேன். மூன்று வாரம் கழித்துக் கீழ்த்தளத்து மின்பலகையில் தீப்பொறி எழுந்தது. காவலர் கார்பன் டை ஆக்சைடு உருளையை எடுத்து, ஊசியை உருவி, பிடியை அழுத்தினார். பெருமூச்சுப் போல் ஓர் ஒலி வந்தது, வேறொன்றும் வரவில்லை. நல்வினையாக ஒருவர் ஓடி மின்னிணைப்பைத் துண்டித்தார். வாளி மணலால் தீ அடங்கியது. யாருக்கும் தீங்கு இல்லை. அன்று மாலை அவ்வட்டையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கையொப்பம் அழகாகவே இருந்தது.

வணிகக் கட்டடத்தைப் பற்றிப் பேசினோம். நம் பள்ளித் தாழ்வாரத்திலும் அதே சிவப்பு உருளை தொங்குகிறது. 2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளி ஒன்று தீப்பற்றி எரிந்து, 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாப் பள்ளிகளிலும் தீயணைப்புக் கருவிகளை ஆறு திங்களுக்குள் அமைத்தல் வேண்டும் என்றும், அவற்றைக் கையாளப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தல் வேண்டும் என்றும் ஆணையிட்டது. அக்குழந்தைகள் உங்களினும் சிறியவர்கள்.

இனி உங்கள் பணி. தாழ்வாரத்து உருளையைத் தொடாமல், அருகில் நின்று அதன் அட்டையைப் படியுங்கள். உருளையின் வகை, கடைசியாகச் சோதித்த நாள், அடுத்துச் சோதிக்க வேண்டிய நாள், அழுத்தமானி இருந்தால் முள் நிற்கும் இடம், ஊசியும் முத்திரையும் உள்ளனவா என்பது ஆகிய ஐந்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பெற்றோர் பணிபுரியும் கடையிலோ கிடங்கிலோ உள்ள உருளைக்கும் இவ்வாறே எழுதி வாருங்கள். நாள் கடந்த அட்டை எதனையேனும் கண்டால், அதனை வகுப்பில் முதலில் படிப்போம்.