நாலு ஏரியலை நம்பி நான் பட்ட நஷ்டம்

சில வருடங்களுக்கு முன் கொழும்பு புறக்கோட்டையில் ஐம்பது வைஃபை ரவுட்டர்களை மலிவு விலைக்கு எடுத்து வந்தேன். ஒவ்வொன்றிலும் நாலு ஏரியல். பார்ப்பதற்கே எடுப்பாக இருந்தன. கண்டியிலுள்ள என் கடையில் இரண்டே வாரத்தில் விற்றுத் தீர்ந்தன. மூன்றாவது வாரம் அக்குறணை வாடிக்கையாளர் ஒருவர் பெட்டியோடு வந்து நின்றார். "நாநா, அடுத்த அறைக்குப் போனால் சிக்னல் இல்லை" என்றார். அவரைத் தொடர்ந்து மேலும் பலர் வந்தார்கள்.

ரேடியோ திருத்தும் நண்பரிடம் ஒன்றைக் கழற்றக் கொடுத்தேன். இரண்டு ஏரியல்களின் வயர்தான் சேர்க்கிட்டில் இணைந்திருந்தது. மற்ற இரண்டும் வெறும் அலங்காரம். சிக்னல் வாங்கும் பகுதியை மூட ஒரு தகரக் கவசம்கூட இல்லை.

அவர் விளக்கியது இதுதான். ரவுட்டர் அனுப்பும் சக்தி சுமார் 100 மில்லிவாட். கொங்கிறீட் சுவர்களைத் தாண்டி மறுமுனைக்கு வரும்போது அதில் நூறு கோடியில் ஒரு பங்குதான் மிஞ்சலாம். ஏரியலை அடுத்துள்ள முன்பகுதிதான் அதைப் பிடிக்க வேண்டும். வடிகட்டி வேண்டாத அலைகளைத் தடுக்கும். பெருக்கி சிக்னலைப் பலப்படுத்தும். மிக்சர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கையாளக்கூடிய அளவுக்கு இறக்கும். முதல் பெருக்கியில் சேரும் இரைச்சல் சிக்னலோடு சேர்ந்து பெருகிவிடும். பிறகு அதைப் பிரிக்க வழியில்லை. பெல் ஆய்வுகூடத்தின் ஹரால்ட் ஃபிரிஸ் 1944இல் இதைக் கணக்காகவே எழுதி வைத்தார். கொள்முதலில் விட்டதை விற்பனையில் பிடிக்க முடியாது என்று நாம் சொல்வதும் இதைத்தானே!

முன்பு தனித்தனியாக இருந்த இந்தப் பாகங்கள் இன்று ஒரே சிலிக்கன் சிப்பில் அடங்குகின்றன. அதனால்தான் விலை இறங்கியது. ஆனால் அதே சிப்பின் கணினிப் பகுதி எழுப்பும் இரைச்சல் முன்பகுதிக்குள் கசியாமல் வடிவமைப்பது பெரிய வேலை.

பல ஏரியல் முறைக்கு அடிப்படையான காப்புரிமையை 1994இல் பெற்றவர்களில் ஒருவர், பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். 2009இல் வந்த வைஃபை தரத்தில் அந்த முறை இடம்பெற்றது. ஆனால் ஒவ்வொரு ஏரியலுக்குப் பின்னாலும் தனி முன்பகுதி இருந்தால்தான் பலன் கிடைக்கும்.

வியாபார நண்பர்களே, ஏரியலை எண்ணாதீர்கள். 2×2 போன்ற விபரத்தைக் கேளுங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். ஐம்பது எடுக்குமுன் ஒன்றை எடுத்து, உங்கள் வீட்டுச் சுவருக்கு அப்பால் வைத்துச் சோதியுங்கள்.

திருப்பிக் கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் காசைக் கொடுத்தேன். அவர்கள் இன்றும் வருகிறார்கள். ஒன்றும் சொல்லாமல் போனவர்கள்தான் திரும்பி வரவே இல்லை.