"வீடு எங்கே?" என்று கேட்டால்... கண்ணகி நகர் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒரு பதில்!

இன்டர்வியூ நடக்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எல்லாம் கேட்டாகி விட்டது. படிப்பு சரி. மார்க் சரி. பைலை மூடப் போகும் நேரத்தில் சாவகாசமாக ஒரு கேள்வி.

"தம்பிக்கு வீடு எங்கே?"

"துரைப்பாக்கம் பக்கம் சார்!"

பொய் இல்லை. முழு நிஜமும் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் பஸ்சை விட்டு இறங்கி உள்ளே போனால் வருவது கண்ணகி நகர். அந்தப் பெயரைச் சொன்னால், "சரிப்பா, சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள். இது அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத் தந்த பாடம் அல்ல. அண்ணன் பட்டது, அக்கா பட்டது, பக்கத்து வீட்டுப் பையன் பட்டது. அதைப் பார்த்துப் பார்த்தே தெரிந்து கொண்டார்கள்.

அந்தக் கண்ணகி நகரில் இருந்துதான் ஒரு பெண் கிளம்பினார். சும்மா கிளம்பவில்லை. "கபடி... கபடி..." என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டே கிளம்பினார்!

பஹ்ரைனில் வெற்றி

2025-ம் ஆண்டு தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். அக்டோபர் 23. பஹ்ரைன் நாட்டில் ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டி. பெண்கள் கபடி இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் ஈரானும் மோதின. கபடிக்கு ஈரான் சாதாரண நாடு அல்ல. பெரியவர்கள் ஆட்டத்தில் இந்தியாவுக்கே தண்ணி காட்டிய நாடு. ஆனால் அன்று நம் பெண்கள் அடித்த அடியில் 75-க்கு 21 என்று ஆட்டம் முடிந்தது. தங்கம்!

அந்த அணியின் துணைக் கேப்டன்தான் கார்த்திகா. ஊர் கண்ணகி நகர்.

ஊர் திரும்பியவருக்கு மேளதாளத்தோடு வரவேற்பு. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கூப்பிட்டுப் பாராட்டி 25 லட்சம் ரூபாய் கொடுத்தார். ஆண்கள் அணியும் அதே ஈரானை 35-32 என்று மயிரிழையில் ஜெயித்துத் தங்கம் வாங்கியிருந்தது. அதில் ஆடிய வடுவூர் அபினேசுக்கும் அதே 25 லட்சம்.

வடுவூர் திருவாரூர் மாவட்டத்தில் உள்ள ஊர். கபடிக்குப் பேர் போனது. அங்கே பிறந்தவன் ஊர்ப் பெயரைச் சொன்னால், "அடேயப்பா, வடுவூரா!" என்பார்கள். கண்ணகி நகர் கதை அப்படியா?

சொந்த ஊர்

கண்ணகி நகரில் உள்ள பெரியவர்களைக் கேட்டால் யாரும் அதைச் சொந்த ஊர் என்று சொல்ல மாட்டார்கள். சைதாப்பேட்டை என்பார் ஒருவர். சிந்தாதிரிப்பேட்டை என்பார் இன்னொருவர். மயிலாப்பூர் என்பார்கள் சில பேர். எல்லாம் நிஜம்தான். கூவம் கரையிலும், அடையாறு கரையிலும், ரோட்டோரங்களிலும் குடிசை போட்டு இருந்தவர்களைக் காலி செய்து, 2000-ம் ஆண்டு முதல் இங்கே கொண்டு வந்து விட்டார்கள். குடிசை மாற்று வாரியம் கட்டிய வீடுகள் 15 ஆயிரத்து 656. ஒரு பெரிய பட்டணத்துக்கு உண்டான ஜனம் ஒரே இடத்தில்!

பிழைப்பு மட்டும் கூட வரவில்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் விடிவதற்குள் மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் பஸ் பிடித்தார்கள். பாதி வருஷத்தில் இடம் மாறிய பிள்ளைகள் பழைய பள்ளிக்கூடத்துக்கே பஸ்சில் தொங்கிக்கொண்டு போனார்கள். போக முடியாத பிள்ளைகள் படிப்பை விட்டார்கள். படிப்பை விட்ட பையன் தெருமுனையில் நின்றான். அடிதடி, கஞ்சா, கைது என்று பெயர் பேப்பரில் வந்தது. (இந்த மாதிரி சாயங்காலப் பேப்பர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறைப்பானேன்?) ஒரு தெருவில் நடந்த வெட்டுக்குத்து பதினைந்தாயிரம் வீட்டின் விலாசத்திலும் ஒட்டிக்கொண்டது.

எதிரே சாலையில் கண்ணாடிக் கட்டிடங்களாகக் கம்ப்யூட்டர் கம்பெனிகள். அங்கே பெருக்கவும் துடைக்கவும் காவல் காக்கவும் ஆள் தேவை. அதற்குக்கூட, "எந்த ஏரியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

2020-ல் ஓவியர்கள் வந்தார்கள். குடியிருப்புச் சுவர்களில் ஆள் உயரத்துக்கும் மேலே, மாடி உயரத்துக்குப் பிரமாதமான படங்கள் தீட்டினார்கள். வெளியூர்க்காரர்கள் தேடி வந்து போட்டோ பிடித்துக்கொண்டு போனார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இன்டர்வியூவில், "எங்க வீட்டுச் சுவத்துல படம் இருக்கு சார்" என்று சொல்ல முடியுமா?

இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் கார்த்திகாவின் வயசுப் பிள்ளைகள்தான். அவர்களுக்குச் சைதாப்பேட்டையும் தெரியாது, சிந்தாதிரிப்பேட்டையும் தெரியாது. சொந்த ஊர் என்றால் இதுதான்.

மண்ணும் மேட்டும்

கபடிக்கு மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், வலை வேண்டாம். கோடு கிழிக்கக் கொஞ்சம் சுண்ணாம்பு போதும். பக்கத்துக்கு ஏழு பேர். பாடிப் போகிறவருக்கு 30 செகண்ட். ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த ஆட்டம் வளர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

சிக்கல் அதற்கு மேலேதான். பெரிய போட்டிகள் எல்லாம் இப்போது மண்ணில் நடப்பதில்லை. ரப்பர் மேட்டில் நடக்கின்றன. மண்ணில் கால் சறுக்கும். மேட்டில் பிடித்துக்கொள்ளும். மண்ணில் பழகிய கால் மேட்டில் சட்டென்று திரும்பினால் முட்டி போய்விடும். அதற்குத் தனி ஷூ வேண்டும். தினமும் முட்டை, பால் வேண்டும். கோடு கிழித்த சுண்ணாம்பில் ஆரம்பித்த செலவு எங்கேயோ போய் நிற்கும்.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. பதிமூணு, பதினாலு வயசு ஆனதும், "போதும்டி ஆடினது" என்று வீட்டில் சொல்வார்கள். அரை டிராயர் போட்டுக்கொண்டு ஆறு மணிக்கு மேல் வெளியே நிற்பதா என்று அக்கம்பக்கம் கேட்கும். அப்பா, அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், அடி பம்பில் தண்ணீர் பிடிப்பது யார், தம்பியைப் பார்த்துக் கொள்வது யார்? நன்றாக ஆடத் தெரிந்த எத்தனையோ பெண்கள் இந்த இடத்தில்தான் நின்று போனார்கள். ஈரான் பெண்களை மடக்குவதற்கு முன்னால் தாண்ட வேண்டிய கோடு இது.

மறைக்கவில்லை

ஜெயித்து வந்த கார்த்திகா வேறு விலாசம் தேடவில்லை. பேட்டி எடுத்தவர்களிடம் எல்லாம் ஊர்ப் பெயரைத்தான் முன்னால் வைத்தார். பத்திரிகைகளும் டி.வி.யும் வேறு வழியில்லாமல், "கண்ணகி நகர் கார்த்திகா" என்றே எழுதின, சொன்னன. இனிஷியல் மாதிரி ஊர் ஒட்டிக்கொண்டது! அந்த நேரம் பார்த்து, கபடி வீரர் மணத்தி கணேசன் வாழ்க்கையைத் தழுவிய "பைசன்" படமும் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தது. கபடி பேச்சு டீக்கடை வரை வந்தது.

ஒரு தங்கத்தால் எல்லா மேனேஜர்களும் மாறி விடுவார்கள் என்று கண்ணகி நகரில் யாரும் ஏமாறத் தயாராக இல்லை. வரிசையில் நிற்கும் பையன் நாளைக்கும் துரைப்பாக்கம் என்றே சொல்லக்கூடும். அவன் வீட்டில் சம்பளம் எதிர்பார்த்து நாலு பேர் இருக்கிறார்கள்.

ஆனால் ஆறு மணிக்கு மேல், "போதும்டி, வா உள்ளே" என்று அம்மா கூப்பிடும்போது, சின்னப் பெண்ணுக்குச் சொல்ல ஒரு பெயர் கிடைத்திருக்கிறது.

"கார்த்திகா அக்கா ஆடலையா? இன்னும் கொஞ்ச நேரம்மா..."