வைக்கோலும் சாணமும் எரிவாயு ஆதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. மாரி மழையை நம்பி நெல் விளைகின்றது. வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி யாவும் கிணற்று நீரை நம்பி விளைகின்றன. துலா மிதித்து நீர் இறைத்த காலம் மறைந்து இயந்திரம் வந்த நாள் முதலாகத் தோட்டச் செலவு எண்ணெய் விலையோடு பிணைந்துவிட்டது. 1990ஆம் ஆண்டின் பின் எரிபொருள் வரத்துத் தடைப்பட்ட காலத்தைக் கண்டோர் இவ்வுண்மையை நன்கறிவர். 2022ஆம் ஆண்டிலே தட்டுப்பாடு மறுபடியும் தோன்றியது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டிலோ, 2021 மே மாதத்தில், செயற்கை உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இவ்வாறு எண்ணெயும் உரமும் அடுத்தடுத்து அரிதாயின.

இவ்விரு குறைகளையும் ஓரளவு ஒருங்கே தீர்க்கவல்ல பொருள் மாட்டுக் கொட்டிலிலும் களத்துமேட்டிலும் கிடக்கின்றது. சாணத்தையும் வைக்கோலையும் காற்றுப் புகாத கலத்தில் அடைத்து வைத்தால், அவற்றிலுள்ள நுண்ணுயிர்கள் செலுலோசு முதலியவற்றைச் சிதைத்து, முதலில் எளிய வெல்லங்களாகவும், பின் அமிலங்களாகவும், ஈற்றில் மெதேன் வாயுவாகவும் மாற்றுகின்றன. இவ்வாறு வரும் வாயுவில் ஏறத்தாழ 55 முதல் 60 சதவீதம் மெதேன். எஞ்சியதிற் பெரும்பாலானது காபனீரொட்சைட்டு. ஒரு கன மீற்றர் வாயு சுமார் 0.6 லீற்றர் மண்ணெண்ணெய்க்கு ஈடாகும். பயிருக்கு வேண்டிய நைதரசனும் பொசுபரசும் பொற்றாசியமும் வாயுவோடு போய்விடுவதில்லை; அவை கலத்திலிருந்து வெளிவரும் கூழில் தங்குகின்றன. சாணத்தை வரட்டியாக்கி அடுப்பில் எரிப்பவர் அதிலுள்ள நைதரசனைப் புகையாகப் போக்கிவிடுகின்றார். வைக்கோலை வயலிலே கொளுத்துபவரும் அவ்வாறே செய்கின்றார்.

இம்முறை புதியதன்று. இந்தியாவிலே ஜஷ்பாய் படேல் அமைத்த மிதக்கும் மூடியுடைய கலத்தைக் கதர் கிராமக் கைத்தொழில் ஆணைக்குழு 1960களிற் கிராமங்களிலே பரப்பியது. சீனத்திலே நிலத்தடியிற் கவிகை வடிவாகக் கட்டப்படும் கலம் இலட்சக்கணக்கான வீடுகளில் இடம்பெற்றது. கர்நாடக மாநிலத்துப் பூரா என்னும் சிற்றூரில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் செய்த முயற்சி கமக்காரர் கருத்திற் கொள்ளத்தக்கது. ஊரார் சாணம் முழுவதையும் ஒருங்கு சேர்த்து எல்லா வீட்டுக்கும் சமையல் வாயு அளிக்க முதலில் எண்ணினர். கிடைத்த சாணம் அதற்குப் போதவில்லை. 1987ஆம் ஆண்டில் அதே வாயுவால் இயந்திரம் ஓட்டி, குடிநீர் ஏற்றவும் விளக்கேற்றவும் தலைப்பட்டனர்; வேலை நடந்தது. சாணம் கொடுத்த வீட்டாருக்குக் கூழ் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கலம் கட்டுமுன் கையிலுள்ள சாணத்தை நிறுத்துப் பார்ப்பது எத்துணை அவசியம் என்பது இதனால் விளங்கும்.

நமது நாட்டிலே ஏக்கலையிலுள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், வைக்கோலுக்கென்றே உலர் தொகுதிமுறைக் கலம் ஒன்றை உருவாக்கியது. சாதாரண சாணக் கலத்தில் வைக்கோலை இட்டால் அது மேலே மிதந்து தடித்த ஏடாகிக் குழாயை அடைத்துவிடும். உலர் முறையிலோ கலம் முழுவதும் வைக்கோலால் ஒருமுறை நிரப்பப்பட்டு, முளையாகச் சிறிது சாணம் கலந்து, நீர் தெளித்து மூடப்படுகின்றது. பல மாதங்கள் வாயு வந்தபின் கலத்தைத் திறந்து, மக்கிய வைக்கோலை எருவாக எடுக்கலாம். மாடு குறைந்து நெல் மிகுந்த தென்மராட்சி போன்ற இடங்களுக்கு இது பொருந்துவது. சாணம் கலப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. வைக்கோலிற் காபன் மிகுதி, நைதரசன் குறைவு. சாணமோ பசுங்குழையோ சேராவிடில் நுண்ணுயிர்கள் மெலியும். வேலியிலே கதியாலாக நிற்கும் கிளிசறியாவின் குழை இவ்வகையில் மிக உதவும். அம்மரத்தை விறகுக்காகவும் மின்னுற்பத்திக்காகவும் வளர்க்கவேண்டும் என்று 2005ஆம் ஆண்டிலே அரசாங்கம் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றின் பின் நான்காம் பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது.

உலகில் இத்துறை ஆராய்ச்சி இன்னும் விரிந்து செல்கின்றது. அமெரிக்காவிலே 1922ஆம் ஆண்டு முதல் ஓற்சு உமியிலிருந்து பர்பியூரல் என்னும் இரசாயனம் வடிக்கப்பட்டு, எண்ணெய் சுத்திகரிப்புக்கும் பிசின் செய்தற்கும் பயன்பட்டது. அரியானா மாநிலத்துப் பானிப்பட்டில் 2022 ஓகஸ்ட் 10ஆந் திகதி திறக்கப்பட்ட ஆலை, ஆண்டுக்கு இரண்டு இலட்சம் தொன் வைக்கோலிலிருந்து மூன்று கோடி லீற்றர் எதனோல் வடிக்கும் நோக்குடையது. இவை பெரும் முதலும் பெருந்தொகை வைக்கோலும் வேண்டும் தொழில்கள்; குடாநாட்டிலே அத்துணை வைக்கோல் இல்லை. அன்றியும், நெற்பயிர் நிலத்திலிருந்து எடுக்கும் பொற்றாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே இருக்கின்றது. வைக்கோலை வண்டியேற்றி அனுப்பியவர் அதனை மறுபடி விலைகொடுத்து வாங்குதல் வேண்டும். வீட்டுக் கலத்தில் அப்பொருள் வளவைவிட்டு நீங்குவதில்லை. ஆதலால் சிறிய கலமே இவ்விடத்துக்கு ஏற்றது எனலாம்.

இனி, அளவு. நாளொன்றுக்கு 40 கிலோகிராம் சாணம் சேருமாயின் சுமார் ஒன்றரைக் கன மீற்றர் வாயு கிடைக்கும். ஐவர் உள்ள குடும்பத்தின் சமையலுக்கு அது போதும். கொட்டிலிலேயே கட்டித் தீன் போடப்படும் மாடாயின் நான்கு அல்லது ஐந்து இதற்குப் போதுமானவை. பகலெல்லாம் தரவையில் மேயும் மாடாயின் பாதிச் சாணமே கைக்கு வரும். நீர் இறைக்கும் கணக்கோ வேறு. இரண்டு பரிவலு இயந்திரம் மூன்று மணி நேரம் ஓட ஏறக்குறைய 2.7 கன மீற்றர் வேண்டும். அதற்கு நாளாந்தம் 70 கிலோகிராம் சாணம் வேண்டும். ஆதலால் சிறு தோட்டக்காரர் முதலில் அடுக்களையை நோக்குவதே தக்கது. வாயுவை இயந்திரத்தில் செலுத்துவோர், அதிலுள்ள ஐதரசன் சல்பைட்டு உலோகத்தை அரிப்பதாகையால், துருப்பிடித்த இரும்புத் தூள் நிறைந்த குழாயினூடாக அதனைச் செலுத்துதல் வேண்டும்.

குடாநாட்டுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இங்கே செம்மண்ணின் கீழ் வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக் கல் கிடக்கின்றது. மேலே ஊற்றுவது விரைவிற் கிணற்றைச் சேரும். மிகுதியாக இட்ட உரத்தாலும் கக்கூசுக் குழிகளாலும் பல கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்றுடைய நீர் கைக்குழந்தைகளுக்குத் தீங்கு தரும். எனவே கலத்தின் அடியும் சுவரும் சீமெந்து பூசி, நீர் நிரப்பிக் கசிவு பார்த்தபின்னரே சாணம் இடப்படல் வேண்டும். கல் மேலாக உள்ள இடத்தில் ஆழத் தோண்டாது, நிலமட்டத்துக்கு மேலாகக் கட்டுவது செலவைக் குறைக்கும். கூழ்த் தொட்டியும் அடி பூசப்பட்டதாய், கிணற்றுக்கு எட்டியதாய், மழைநீர் புகாதபடி மூடப்பட்டதாய் இருத்தல் வேண்டும்.

சாணமும் நீரும் சம அளவாகக் கரைத்து நாள்தோறும் இடுக. சவர்க்கார நீர், கிருமிநாசினி, பூச்சிமருந்துக் கலங்கள் கழுவிய நீர் ஆகியவை சிறிதும் கலத்திற் சேரலாகாது. அவை நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். முதன்முறை வரும் வாயுவிற் காற்றுக் கலந்திருக்குமாதலால் அதனைக் கொளுத்தாது வெளியே விட்டுவிடல் வேண்டும். கூழை நடுவதற்கு முன்னரே மண்ணோடு கலந்துவிடின் நைதரசன் காற்றிற் போகாது. வெங்காயப் பாத்திக்கு இடுவோர் வழக்கமான உரத்தை அதே அளவில் மேலும் இடாது, கூழுக்கு ஏற்பக் குறைத்துக்கொள்க. பெருமழை நாட்களிற் கூழ் இடுதலைத் தவிர்த்து, மழை ஓயும்வரை வைக்கோல் அல்லது உலர்ந்த சருகின்மேல் ஊற்றிக் குவித்து வைத்தல் நன்று.