களர் நிலத்து எருக்கு

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில், கோடையில் கண்மாய்க்கரை ஓரமாக நடக்கிறவர்கள், சில இடங்களில் சுண்ணாம்பு தெளித்தாற்போலத் தரை வெள்ளை பூத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். அந்த உவர்மண்ணை ஒரு காலத்தில் துணி வெளுப்போர் சுரண்டியெடுத்துச் சென்றார்கள். சவர்க்காரமும் சலவைச் சோடாவும் கடைக்கு வந்த பிறகு, அதற்கு இருந்த அந்தச் சிறு மரியாதையும் போயிற்று.

உவர் வேறு, களர் வேறு. நீரில் கரையும் உப்புகள் மிகுந்தது உவர்நிலம். களிமண் துகள்களில் கால்சியம் இருக்க வேண்டிய இடத்தைச் சோடியம் பிடித்துக்கொண்டு, கார அமில நிலை (pH) 8.5 என்னும் அளவைக் கடந்துவிட்ட நிலம் களர். சோடியம் ஒட்டிய களி, மழை பெய்தால் குழம்பாகி நீரை உள்ளே விடாது. வெயில் அடித்தால் செங்கல்லாக இறுகி வேரை உள்ளே விடாது. போதாக்குறைக்கு, மண்ணில் உள்ள துத்தநாகமும் இரும்பும்கூடப் பயிருக்கு எட்டாதவையாகிவிடுகின்றன. ஜிப்சம் இட்டுச் சோடியத்தை வெளியேற்றி, தக்கைப்பூண்டை மடக்கி உழுது, திருச்சி 1, திருச்சி 3 போன்ற தாங்கும் நெல் ரகங்களை நடுவதுதான் இதற்கு வழக்கமான வைத்தியம்.

வைத்தியம் பாராத தரிசில் தானாக வளரும் செடியின் நிலைமையைச் சற்று யோசித்துப் பார்க்கலாம். வண்டல் வயலில் நிற்கும் செடிக்கு ஓர் இலை போனால் நாலு நாளில் மற்றோர் இலை வந்துவிடும். இத்தகைய வறிய நிலத்துச் செடிக்கோ ஒவ்வோர் இலையும் அரும்பாடுபட்டுச் சேர்த்த முதல். ஆகையால் அது இலையை உண்டாக்குவதைவிட, உண்டான இலையைக் காப்பதில் அதிக சிரத்தை காட்டுகிறது. முள், மெழுகு, கசப்பு, விஷம் யாவும் அந்தச் சிரத்தையின் ரூபங்கள். கோலி, பிரையண்ட், சேப்பின் என்ற மூன்று விஞ்ஞானிகள் 1985-இல் இதை ஒரு கொள்கையாகவே எழுதி வைத்தார்கள். நம் ஊர் உழவர் இதன் மறுபக்கத்தை நன்கு அறிவார்: யூரியாவை அள்ளி வீசிக் கரும்பச்சையாகத் தளதளக்க வைத்த நெல்லில்தான் புகையான் வந்து குடியேறும்.

இதை மாறாத விதியாகக் கொள்வதற்கில்லை. நீரின்றி வாடும் செடியின் சாற்றில் சில சமயம் தழைச்சத்து செறிந்துவிடுவதால், மாவுப்பூச்சி போன்ற சாறுண்ணிகளுக்கு அதுவே விருந்தாகிவிடுவதும் உண்டு. கடித்துத் தின்னும் புழுவின் பாடுதான் கஷ்டம்.

அந்தக் கஷ்டத்தைக் கண்ணால் காண, இத்தகைய தரிசில் நிற்கும் எருக்கஞ்செடி ஒன்றே போதும். பகைவன் வீட்டில் எருக்கு முளைக்கட்டும் என்று சபித்துவிட்டு, பிள்ளையார் சதுர்த்தியன்று அதன் பூவையே மாலையாகத் தொடுத்துப் போடுகிற ஜனங்கள் நாம்! மாவு பூசியதுபோன்ற அதன் இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் பீறிடும். அந்தப் பால் காற்றுப் பட்டதும் பிசினாகி வாயை ஒட்டும். அதிலுள்ள விஷம் இருதயத்தைத் தாக்கும். ஆடு மாடு தொடாத அந்த இலையின்மேல், கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையமிட்டு, முதுகில் மூன்று ஜோடிக் கொம்பு முளைத்த ஒரு புழு சாவதானமாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஆரஞ்சு நிற எருக்கம் பட்டாம்பூச்சியின் குழந்தை அது. எடுத்த எடுப்பில் அது இலையைக் கடிப்பதில்லை; நடு நரம்பை நாடிச் சென்று, அதைச் சிறிது சிறிதாகக் கறித்துப் பாலை வடியவிட்டு, மடையடைத்த வாய்க்கால்போல அப்புறத்து இலைப்பகுதி வற்றிய பிறகே அங்கே சென்று சாப்பிட உட்காருகிறது. இந்த உபாயத்தில் தவறி, பாலில் சிக்கி மடியும் சின்னஞ்சிறு புழுக்களும் உண்டு.

எருக்கு விஷம் தாக்கும் இடம் ஒரு விசித்திரமான இடம். பிராணிகளின் ஒவ்வோர் உயிரணுவும் தனக்குள் நுழையும் சோடியத்தை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி இறைக்கும் ஏற்றத்தைத்தான் எருக்கின் விஷம் நிறுத்துகிறது. எருக்கினத்தைத் தின்று பழகிய சில பூச்சிகளிலோ, விஷம் பற்றிக்கொள்ள முடியாதபடி அந்த ஏற்றத்தின் உறுப்பு சிறிது மாறி அமைந்திருக்கிறது. நிலத்தைக் கெடுத்ததும் சோடியம், செடியின் ஆயுதம் குறிவைப்பதும் சோடியம் இறைக்கும் பொறி! இன்னொரு வேடிக்கையும் உண்டு. தாவர உணவில் சோடியம் பொதுவாக மிகக் குறைவு. அதனால்தான், ஆவாரம் இலை தின்று வளர்ந்த வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள், மழை ஓய்ந்த பின் கண்மாய் ஓரத்து ஈரமண்ணில் கூட்டமாக அமர்ந்து, உழவர் வெறுக்கும் உப்பையே உறிஞ்சுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்கள். சேர்த்த உப்பில் ஒரு பங்கை இணைசேரும்போது பெண்ணுக்குக் கொடுத்துவிடுகின்றன.

எருக்கைக் கண்டால் இலையைத் திருப்பி, நடு நரம்பில் கறித்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்த கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். அந்தப் பால் பட்டால் கருவிழி வெந்து பார்வை மங்கும்.