கீழ்ப்பாக்கம் வசைச்சொல் அல்ல

'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று யாரையாவது திட்டாத ஊர் நம் பக்கத்தில் இல்லை. சினிமா அதைச் சிரிப்பாக்கியது. பள்ளிப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மருத்துவமனையின் வரலாற்றில் நம் சேரிக்காரர்களுக்கு வேண்டிய செய்திகள் நிறைய இருக்கின்றன.

1794-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் வாலண்டைன் கொனாலி, புரசைவாக்கத்தில் ஒரு காப்பகம் தொடங்கினார். கம்பெனியின் அனுமதியோடு நடந்த தனியார் தொழில் அது. 1871 மே மாதம் அரசின் காப்பகம் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டத்துக்கு வந்தபோது 145 பேர் இருந்தார்கள். வெள்ளையருக்கு ஓரிடம், 'சுதேசி'களுக்கு வேறிடம். 1858-ம் ஆண்டுச் சட்டப்படி, தெருவில் திரிந்தவர்களைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியது. வீடு வாசல் உள்ளவனின் மனநோய் அறைக்குள் மறைந்துவிடும். இல்லாதவனுடையதுதான் தெருவில் தெரியும். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

பெயர்கள் மாறின. 1922-ல் அது 'மனநோய் மருத்துவமனை' ஆனது. ஆனால் உண்மையான மாற்றம் டாக்டர் சாரதா மேனன் பொறுப்பேற்ற 1961-க்குப் பிறகு வந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் அவர். புறநோயாளிப் பிரிவை வளர்த்தார், குடும்பத்தாரைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். உள்ளே போனவர் திரும்பி வரலாம் என்ற நம்பிக்கை அப்போதுதான் பிறந்தது.

அந்த நம்பிக்கை கிராமத்துக்கு வந்து சேரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை.

2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. மாணவர்கள் அதன் 18-வது பிரிவைப் படியுங்கள். சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் இடத்தில் 'சாதி' என்ற சொல் வெளிப்படையாகவே இருக்கிறது. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 19-வது பிரிவு. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்தபின் திக்குத் தெரியாமல் நிற்கும் ஒருவரைப் பார்த்தால் போலீசிடம் சொல்லலாம். அவரை லாக்கப்பில் அடைக்கக் கூடாது; 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆனால் வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் குடும்பங்கள் இங்கே பல. நோயாளிக்குப் புரியும் மொழியில் விவரம் சொல்ல வேண்டும் என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

கீழ்ப்பாக்கம் போய்வரக் கூலிக்காரக் குடும்பத்தில் இரண்டு பேரின் ஒருநாள் கூலி போய்விடும். அதனால்தான் மாத்திரை பாதியில் நிற்கிறது, பிறகு பூசாரியிடம் போகிறார்கள். பூசாரியிடம் போகாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை; மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறோம். மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மனநல மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று அரசு மருத்துவமனையில் கேட்டு, அந்தக் கிழமையைத் தெருப் பலகையில் எழுதிவைக்க இளைஞர் மன்றங்கள் முன்வரட்டும். அவசரத்துக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தெலுங்கிலும் பேசலாம்.