ஒளியும் தண்ணீரும்

2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சுங்கை சிலாங்கூர் நீரில் தொழிற்சாலைக் கழிவு கலந்து, கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்கள் வறண்டதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் ஆலயத்திலும் அபிஷேகத்திற்குத் தண்ணீர் லோரியை எதிர்பார்த்து நின்றோம். அப்போது தொண்டர் ஒருவர், "ஐயா, படிகாரம் போட்டு வடிகட்டினால் போதாதா?" என்று என்னைக் கேட்டார். "போதும் தம்பி" என்றேன். முப்பது ஆண்டுகள் அறிவியல் போதித்தவன் சொன்ன அந்தப் பதில் தவறு. படிகாரத்தால் சேறு அடியில் தங்கும். நீரில் கரைந்துவிட்ட இரசாயனம் தங்காது. கரியில் வடித்தாலும் அது கரிக்கு இடம் மாறுமே தவிர அழியாது.

அழிப்பதற்கு ஒரு வழி உண்டு. சுவருக்குப் பூசும் வெள்ளைச் சாயத்தில் டைட்டேனியம் டை ஆக்சைடு என்னும் தூள் இருக்கிறது. அதன் மீது ஒளி பட்டால் நீரே பிரிகிறது என்பதை 1972இல் ஜப்பானியர்களான புஜிஷிமாவும் ஹோண்டாவும் வெளியிட்டனர். புற ஊதாக் கதிர் தூளிலுள்ள எலெக்ட்ரானைக் கிளப்பிவிடுகிறது. காலியான இடம் பக்கத்திலுள்ள நீரிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்க, ஹைட்ராக்சில் என்னும் பொல்லாத துகள் பிறக்கிறது. சாயமோ பூச்சிமருந்தோ, எதிர்ப்பட்டதை எல்லாம் அது சிறுகச் சிறுக உடைத்துக் கரியமில வாயுவும் நீருமாக்க வல்லது. தூள் மட்டும் தீர்வதில்லை. கல்யாணத் தரகர் போல. ஆனால் இவர் பிரித்து வைப்பவர்! இதனால்தான் இதனை ஒளி வினையூக்கி என்கிறோம்.

குறைகளும் உண்டு. சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்குதான். கலங்கிய நீரில் ஒளி நுழையாது. ஆகவே முதலில் படிகாரம் வேண்டியதே. ஈயம், பாதரசம் போன்றவை தனிமங்கள். அவற்றை உடைக்க முடியாது.

2009இல் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும் கார்பன் நைட்ரைடு என்ற மஞ்சள் தூள் அறிவிக்கப்பட்டது. அதில் உலோகமே இல்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு யூரியா மூட்டை தெரியாதா? அந்த யூரியாவை ஏறக்குறைய 550 பாகை செல்சியசில் சூடாக்கியே இதைச் செய்யலாம். (அம்மோனியா புகை கிளம்பும், வீட்டில் முயல வேண்டாம்.)

மறுவாரம் அந்தத் தம்பியை அழைத்து, என் பதிலைத் திருத்திக்கொண்டேன். "அப்படியானால் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஏன் இதை வைக்கக்கூடாது?" என்றார். நல்ல கேள்வி. இந்த வினைக்குப் பல நிமிடங்கள், சில வேளை மணிக்கணக்கில் ஆகும். ஓர் ஆற்றின் நீர் அதுவரை காத்து நிற்காது. இதை வைக்க வேண்டிய இடம், கழிவு சிறிதளவாக இருக்கும்போதே, தொழிற்சாலையின் சாக்கடை வாயிலில்.